ஃபைல் கண்முன்னே இருக்கிறது, பைத்தானுக்கு மட்டும் தெரியவில்லை: சொந்த மாட்யூலை இம்போர்ட் செய்ய முழுமையான வழிகாட்டி

எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில் ஃபைல் தெரிகிறது. கிளிக் செய்தால் திறக்கிறது. எழுத்துப்பிழையும் இல்லை. ஆனால் ஓட்டினால் சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கிறது: ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்டு வரவு’. அதாவது, வரவு என்ற மாட்யூலே (இம்போர்ட் செய்யக்கூடிய பைத்தான் ஃபைலே) கிடைக்கவில்லையாம். உடனே இணையத்தில் தேடி, ‘சிஸ்.பாத்.அப்பெண்ட்’ என்று யாரோ எழுதிய வரியைத் தூக்கி வந்து ஃபைலின் தலையில் ஒட்டுகிறோம். ஓடுகிறது. நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். அடுத்த வாரம் அதே நிரலை வேறு கணினியில் போட்டால் மறுபடியும் அதே சிவப்பு வரி.

நானும் இரண்டு வருடம் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தவன்தான். பிறகுதான் புரிந்தது, நான் கேட்ட கேள்வியே தவறு. ‘என் ஃபைல் எங்கே இருக்கிறது’ என்பது பைத்தானுக்கு ஒரு பொருட்டே இல்லை. ‘நான் எந்தெந்த ஃபோல்டரில் தேடவேண்டும்’ என்ற பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. அதில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்தப் பட்டியலின் முதல் வரி, நீங்கள் நிரலை எப்படித் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. பைத்தானின் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். இம்போர்ட், ஃப்ரம், சிஸ், பிரிண்ட் போன்றவற்றை விசைப்பலகையில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். ஃபைல் பெயரின் வாலில் வரும் ‘.பை’ என்பதும் அப்படியே. (துணிப்பை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) ஆனால் நாமே வைக்கும் மாட்யூல் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0 முதல் அதற்கு இடம் உண்டு. அதில் ஒரு கண்ணியும் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பழகிப் பார்க்க ஒரு திட்டம் வேண்டும். கல்யாண வீட்டு மொய்நோட்டை எடுத்துக்கொள்வோம்:

மொய்க்கணக்கு/
    முதன்மை.பை
    மொய்/
        __இனிட்__.பை
        வரவு.பை
        அச்சு.பை
    கருவிகள்/
        சரிபார்.பை

வரவு.பை-யில் பெயர், ஊர், தொகை மூன்றையும் ஒரு லிஸ்டில் சேர்க்கும் ஃபங்ஷன். அச்சு.பை அதை வரிசையாக அச்சிடும். __இனிட்__.பை காலியாகவே இருக்கட்டும். அது உள்ள ஃபோல்டரைப் பைத்தான் பேக்கேஜ் என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் படி: பட்டியலைக் கண்ணால் பாருங்கள்

எதையும் திருத்தும் முன் இந்த இரண்டு வரியை, பிழை வருகிற ஃபைலின் மேலேயே போட்டு ஓட்டுங்கள்:

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.பாத்)

ஒரு லிஸ்ட் வரும். முதலில் ஏதோ ஒரு ஃபோல்டர். பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் நீங்கள் எதையாவது வைத்திருந்தால் அது அடுத்து. பிறகு ‘பைத்தான்312.ஜிப்’ போல ஒன்று (பெரும்பாலான கணினிகளில் அப்படி ஒரு ஃபைலே இருக்காது, பயப்படவேண்டாம்), பைத்தானோடு வந்த ஸ்டாண்டர்ட் லைப்ரரி, கடைசியில் சைட்-பேக்கேஜஸ். பிப் என்ற நிறுவும் கருவி கொண்டுவருவதெல்லாம் போய்ச் சேரும் இடம் இந்தக் கடைசி ஃபோல்டர்.

‘இம்போர்ட் வரவு’ என்றதும் பைத்தான் நேராக இந்தப் பட்டியலுக்கு வருவதில்லை. முதலில் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற தன் கையிருப்பைப் பார்க்கும். ஏற்கெனவே ஒருமுறை ஏற்றிய மாட்யூல் என்றால் அதையே எடுத்துக் கொடுத்துவிடும், ஃபைலைத் திரும்பப் படிக்காது. கையிருப்பில் இல்லையென்றால் பைத்தானுக்குள்ளேயே கட்டப்பட்ட மாட்யூலா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால்தான் பட்டியலை மேலிருந்து கீழாகத் துழாவும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதலில் அந்தப் பெயரில் __இனிட்__ உள்ள பேக்கேஜ் இருக்கிறதா, பிறகு கம்பைல் செய்த நீட்சி, பிறகு ‘.பை’ ஃபைல். கிடைத்த முதல் இடத்திலேயே தேடலை நிறுத்திவிடும். கீழே இன்னும் நல்லதாக ஒன்று இருந்தாலும் திரும்பிப் பார்க்காது.

உள் ஃபோல்டர்களுக்குள் தானாக இறங்கித் தேடவும் தேடாது. மொய்க்கணக்கு பட்டியலில் இருக்கிறது என்பதால் மொய்/வரவு.பை ‘வரவு’ என்ற பெயரில் கிடைத்துவிடாது. ‘மொய்.வரவு’ என்று முழு முகவரி சொன்னால்தான் கிடைக்கும்.

இரண்டாம் படி: முதல் வரி யாருடையது?

‘பைத்தான் முதன்மை.பை’ என்று ஓட்டினால், பட்டியலின் முதல் வரி முதன்மை.பை இருக்கும் ஃபோல்டர். டெர்மினலில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அல்ல. இதை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் எல்லோரும் தலைகீழாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஃபைல் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) என்றால், அது சுட்டும் உண்மையான ஃபைல் இருக்கும் ஃபோல்டர்.

‘பைத்தான் -எம் மொய்.அச்சு’ என்று ஓட்டினால் முதல் வரி, நீங்கள் நிற்கும் ஃபோல்டர். வெறுமனே பைத்தானைத் திறந்து ஊடாடும் திரையில் அடித்தாலும், ‘-சி’ போட்டு ஒற்றை வரி ஓட்டினாலும், முதல் வரி காலியான சரம். அதற்கும் ‘நிற்கும் இடம்’ என்றே பொருள்.

இப்போது அந்தப் பழைய வியாதியைப் பார்ப்போம். அச்சு.பை-யின் தலையில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்:

இம்போர்ட் வரவு

எடிட்டரில் அச்சு.பை-யைத் திறந்து ஓட்டும் பொத்தானை அழுத்துகிறீர்கள். அழகாக ஓடுகிறது, ஏனென்றால் முதல் வரி மொய் ஃபோல்டர், வரவு.பை அங்கேயே இருக்கிறது. பிறகு முதன்மை.பை-யில் ‘ஃப்ரம் மொய் இம்போர்ட் அச்சு’ என்று எழுதி ஓட்டுகிறீர்கள். இப்போது முதல் வரி மொய்க்கணக்கு. மொய் கிடைக்கிறது, அச்சு கிடைக்கிறது, அச்சுக்குள் இருக்கும் ‘இம்போர்ட் வரவு’ வெடிக்கிறது. அச்சு.பை-யில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. தொடங்கிய வாசல் மாறியது, அவ்வளவுதான். ‘நேற்று ஓடியதே, இன்று ஏன் ஓடவில்லை’ என்று வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான்.

சரியான எழுத்து இரண்டில் ஒன்று:

ஃப்ரம் மொய் இம்போர்ட் வரவு
ஃப்ரம் . இம்போர்ட் வரவு

முதலாவது முழு முகவரி. இரண்டாவதில் புள்ளிக்கு ‘நான் இருக்கும் பேக்கேஜ்’ என்று பொருள், இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே. எனக்கு முழு முகவரிதான் பிடிக்கும். நீளம்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கவேண்டியதில்லை.

இப்படி மாற்றியதும் அடுத்த புலம்பல் தொடங்கும். புள்ளி வைத்து எழுதிய அச்சு.பை-யை நேரடியாக ஓட்டினால், ‘அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட் வித் நோ நோன் பேரன்ட் பேக்கேஜ்’ என்று திட்டும். ஃபைல் மொய் ஃபோல்டருக்குள்தானே இருக்கிறது, தாய் பேக்கேஜ் தெரியாதா? தெரியாது. புள்ளி என்பது டிஸ்க்கில் உள்ள ஃபோல்டரைக் குறிப்பதல்ல, மாட்யூலின் பெயரைக் குறிப்பது. நேரடியாக ஓட்டும்போது அந்த ஃபைலின் பெயர் ‘மொய்.அச்சு’ அல்ல, ‘__மெயின்__’. பெயரில் மொய் என்ற சொல்லே இல்லாதபோது, அது எந்த வீட்டுப் பிள்ளை என்று பைத்தானுக்கு எப்படித் தெரியும்?

மருந்து: திட்ட ஃபோல்டரில் நின்றுகொண்டு, ‘பைத்தான் -எம் மொய்.அச்சு’ என்று ஓட்டுங்கள். மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கும். சாய்கோடு போடக்கூடாது, புள்ளிதான். கடைசியில் ‘.பை’ கூடாது. மொய் ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு ஓட்டக்கூடாது, அதற்கு ஒரு படி மேலே நிற்கவேண்டும்.

கருவிகள்/சரிபார்.பை-க்கும் இதே மருந்துதான். அதற்குள் ‘ஃப்ரம் மொய் இம்போர்ட் வரவு’ என்று இருந்தால் நேரடியாக ஓட்டும்போது விழும், ஏனென்றால் அப்போது முதல் வரி கருவிகள் ஃபோல்டர், மொய் அதற்குப் பக்கத்து வீடு. ‘பைத்தான் -எம் கருவிகள்.சரிபார்’ என்றால் ஓடும். கருவிகள் ஃபோல்டரில் __இனிட்__.பை இல்லையே என்று கேட்கலாம். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல் அது இல்லாத ஃபோல்டரையும் நேம்ஸ்பேஸ் பேக்கேஜாக ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் உங்கள் சொந்த பேக்கேஜில் ஒரு காலி __இனிட்__.பை வையுங்கள். அது இல்லாத ஃபோல்டரைப் பைத்தான் கடைசித் தேர்வாகத்தான் வைத்துக்கொள்ளும். பட்டியலில் வேறெங்காவது அதே பெயரில் முறையான மாட்யூல் ஒன்று இருந்தால் அது முந்திக்கொள்ளும்.

அந்த ஒட்டுப்போட்ட வரியின் குற்றம் என்ன?

‘சிஸ்.பாத்.அப்பெண்ட்’ அசிங்கம் என்பதால் நான் எதிர்க்கவில்லை. அது சத்தமில்லாமல் கணக்கைக் கெடுக்கும், அதனால்தான் எதிர்க்கிறேன்.

பட்டியலில் மொய்க்கணக்கும் இருக்கிறது, நீங்கள் ஒட்டியதால் மொய் ஃபோல்டரும் இருக்கிறது என்று வையுங்கள். முதன்மை.பை ‘மொய்.வரவு’ என்று இம்போர்ட் செய்கிறது. அச்சு.பை ‘வரவு’ என்று இம்போர்ட் செய்கிறது. இரண்டுமே ஓடும், பிழை வராது. ஆனால் சிஸ்.மாட்யூல்ஸ் கையிருப்பு பெயரை வைத்துத்தான் பார்க்கும், ஃபைலை வைத்து அல்ல. ஆகவே ஒரே ஃபைல் இரண்டு முறை ஏற்றப்பட்டு இரண்டு மாட்யூல்களாக நிற்கும். ஆளுக்கொரு லிஸ்ட். முதன்மை நாற்பது பேரின் மொய்யை எழுதிவிட்டு அச்சடிக்கச் சொன்னால், அச்சு தன் காலி லிஸ்டைப் பார்த்து ‘மொத்தம்: 0’ என்று அச்சிடும். பந்தியில் ஒரு நோட்டு, வாசலில் ஒரு நோட்டு வைத்த கதை. கிளாஸ்கள் இருந்தால் இன்னும் மோசம்: இஸ்இன்ஸ்டன்ஸ் பார்த்தால் ‘இது அந்த வகை அல்ல’ என்று வரும், பிரிண்ட் செய்தால் பெயர் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். சந்தேகம் வந்தால் சிஸ்.மாட்யூல்ஸின் சாவிகளை அச்சிட்டு, ஒரே ஃபைல் இரண்டு பெயரில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பைத்தான்பாத் மாறி இதைவிடக் கொஞ்சம் நாகரிகமானது, பட்டியலில் திட்ட ஃபோல்டரை மட்டும் சேர்த்தால் தீங்கில்லை. பல ஃபோல்டர்களைப் பிரிக்க லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. ஆனால் அதை உங்கள் ஷெல் தொடக்க ஃபைலில் எழுதிவிட்டு மறந்துவிடுவீர்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரான் அந்த ஃபைலைப் படிக்காது, பகலில் ஓடிய வேலை இரவு இரண்டு மணிக்கு விழும். பைசார்ம் எடிட்டரைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை: அது தானாகவே திட்ட ஃபோல்டரைப் பைத்தான்பாத்தில் சேர்த்து ஓட்டும். அதனால் அங்கே ஓடுவது டெர்மினலில் ஓடாமல் போகலாம்.

பெயரில் வரும் வினை

ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பும் சோதனை ஒன்றை எழுதி, ஃபைலுக்கு ‘ஈமெயில்.பை’ என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தேன். உள்ளே ‘இம்போர்ட் எஸ்எம்டிபிலிப்’ என்று ஒரே ஒரு இம்போர்ட். ஓட்டினால், ‘நோ மாட்யூல் நேம்டு ஈமெயில்.யூட்டில்ஸ்; ஈமெயில் இஸ் நாட் எ பேக்கேஜ்’ என்று வந்தது. நான் ஈமெயில்.யூட்டில்ஸை அழைக்கவே இல்லையே என்று பைத்தானையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பிறகுதான் உறைத்தது. எஸ்எம்டிபிலிப் தன் தேவைக்கு ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் ஈமெயில் பேக்கேஜைத் தேடியிருக்கிறது. பட்டியலின் முதல் வரி என் ஃபோல்டர். அங்கே என் ஈமெயில்.பை குறுக்கே நின்றிருக்கிறது.

ரேண்டம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், காலண்டர், டோக்கன், க்யூ என்று ஃபைலுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லோருக்கும் இதே விதிதான். 2024 அக்டோபரில் வந்த 3.13 இதைக் கண்டுபிடித்து, ‘உன் ஃபைலுக்கும் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கும் ஒரே பெயர், மாற்று’ என்று பல இடங்களில் தானே சொல்கிறது. 3.11 முதல் ‘-பி’ என்ற பெரிய எழுத்துக் கொடி ஒன்றும் உண்டு. அதைப் போட்டு ஓட்டினால் அந்த முதல் வரியைப் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காது. அப்படி ஓட்டினால் பிழை மறைகிறது என்றால் குற்றவாளி உங்கள் ஃபோல்டரில்தான் இருக்கிறான்.

பெயரின் மற்ற விதிகள்: நடுவில் ஹைஃபன் கூடாது, பைத்தான் அதைக் கழித்தல் குறியாகப் படிக்கும். எண்ணில் தொடங்கக்கூடாது. விண்டோஸில்கூடப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பொருந்தவேண்டும்.

தமிழ்ப் பெயரில் ஒரு கண்ணி உண்டு என்றேனே, அது ‘மொய்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. நிரலுக்குள் எழுதும் பெயரைப் பைத்தான் எப்போதும் ஒரே எழுத்தாகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் லினக்ஸில் ஃபோல்டரின் பெயர் எப்படி அடித்தீர்களோ அப்படியே கிடக்கும். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய பெயரில் ஒகரம் இரண்டாகப் பிரிந்திருந்தால், ‘இம்போர்ட் மொய்’ அந்த ஃபோல்டரைக் கண்டுபிடிக்காது. ஓஎஸ்.லிஸ்ட்டிர் மூலம் பெயரை எடுத்து லென் பாருங்கள்: 4 வந்தால் சரி, 5 வந்தால் பிரிந்திருக்கிறது. கற்றுக்கொள்ளவும் வீட்டு வேலைக்கும் தமிழ்ப் பெயர் நன்றாகவே ஓடும். நாலு பேர் கைபடும் திட்டத்துக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே என் பழக்கம்.

நிலையான வழி: திட்டத்தையே நிறுவிவிடுங்கள்

ஒரு நாள் சோதனைக்கு ‘-எம்’ போதும். மாதக்கணக்கில் ஓடப்போகிற வேலை என்றால், உங்கள் பேக்கேஜை சைட்-பேக்கேஜஸ் வழியாகவே தெரியவைப்பதுதான் நேர்வழி. அப்புறம் எந்த ஃபோல்டரில் நின்றாலும், எப்படித் தொடங்கினாலும் கிடைக்கும்.

திட்டத்துக்குள் ‘எஸ்ஆர்சி’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து, மொய் பேக்கேஜை அதற்குள் நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் மேல்மட்டத்திலேயே இரண்டு மூன்று பேக்கேஜ் ஃபோல்டர்களை வைத்தால், எதை நிறுவுவது என்று தெரியாமல், பேக்கேஜைக் கட்டித்தரும் கருவியான செட்டப்டூல்ஸ் மறுத்துவிடும். பிறகு திட்ட ஃபோல்டரில் ‘பைபிராஜெக்ட்.டாமல்’ என்று ஒரு ஃபைல். அதில் இரண்டு பகுதி போதும்: பில்ட்-சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் செட்டப்டூல்ஸ் வேண்டும் என்று ஒரு வரி, அதையே பில்ட்-பேக்எண்டாகக் குறித்து ஒரு வரி, பிராஜெக்ட் என்ற தலைப்பின் கீழ் பெயர், பதிப்பு எண். இந்தப் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கவேண்டும், நிறுவும் கருவிகள் வேறு எழுத்தை ஏற்காது. நிஜத் திட்டம் என்றால் இந்தக் கட்டத்தில் பேக்கேஜ் பெயரையும் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுவது உத்தமம்.

இனி டெர்மினலில் (வெனவ் என்பது இந்தத் திட்டத்துக்கென்றே ஒரு தனிப் பைத்தான் சூழல்):

பைத்தான்3 -எம் வெனவ் .வெனவ்
சோர்ஸ் .வெனவ்/பின்/ஆக்டிவேட்
பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஈ .

விண்டோஸில் இரண்டாவது வரிக்குப் பதில் .வெனவ் ஃபோல்டரின் ஸ்கிரிப்ட்ஸ் உள்ளே இருக்கும் ஆக்டிவேட்டை ஓட்டவேண்டும். கடைசி வரியின் ‘-ஈ’ முக்கியம். அது உங்கள் ஃபைல்களை நகலெடுக்காமல், அவை இருக்கும் இடத்தைச் சுட்டும் ஒரு குறிப்பை மட்டும் சைட்-பேக்கேஜஸில் வைக்கும். அதனால் வரவு.பை-யைத் திருத்தினால் மறுபடி நிறுவவேண்டியதில்லை. கடைசியில் இருக்கும் புள்ளியையும் விட்டுவிடாதீர்கள், ‘இந்த ஃபோல்டர்’ என்று சொல்வதே அதுதான்.

வெறும் ‘பிப்’ என்று அடிக்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று அடிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே கணினியில் மூன்று பைத்தான் இருக்கலாம், பிப் ஒன்றுக்கு நிறுவும், நீங்கள் இன்னொன்றில் ஓட்டுவீர்கள். சிஸ்.எக்ஸிக்யூட்டபிள் என்பதை அச்சிட்டால் இப்போது ஓடுவது எது என்று தெரிந்துவிடும். எடிட்டர் .வெனவ்-ஐத் தேர்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். டெபியன் 12 போன்ற லினக்ஸ்களில் வெனவ் இல்லாமல் பிப் நிறுவப்போனால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று தடுத்துவிடும். அதை உடைத்துக்கொண்டு போக ஒரு கொடி இருக்கிறது, அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கிடைத்தது, ஆனாலும் ஓடவில்லை

ஜூப்பிட்டரில் ஃபைலைத் திருத்தியும் பழைய விடையே வருகிறதா? சிஸ்.மாட்யூல்ஸ் கையிருப்புதான் காரணம். கெர்னலை (பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை) மறுபடி தொடங்குங்கள். இம்போர்ட்லிப்.ரீலோட் இருக்கிறது, ஆனால் ஏற்கெனவே ‘ஃப்ரம்’ போட்டு எடுத்த பெயர்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

இம்போர்ட் செய்ததுமே ஏதேதோ அச்சாகிறது என்றால், அந்த ஃபைலில் ஃபங்ஷனுக்கு வெளியே கிடக்கும் வரிகள் ஓடுகின்றன. அவற்றை ‘இஃப் __நேம்__ == "__மெயின்__"’ என்பதன் கீழே தள்ளுங்கள்.

‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’ என்று வந்தால் பெரும்பாலும் தேடலில் குறையில்லை. வரவு அச்சை இம்போர்ட் செய்ய, அச்சு வரவை இம்போர்ட் செய்ய, பாதி ஏறிய நிலையில் ஒன்று மற்றொன்றிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவது ஃபைலுக்கு நகர்த்துவதுதான் தீர்வு. அவசரத்துக்கு ஒரு இம்போர்ட்டை ஃபங்ஷனுக்குள் இறக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு சோதனை. பழைய ‘சிஸ்.பாத்.அப்பெண்ட்’ வரிகளை எல்லா ஃபைலிலிருந்தும் அழித்துவிடுங்கள். வெனவ் இயங்கும் டெர்மினலில், திட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஃபோல்டர் ஒன்றுக்குப் போங்கள், டவுன்லோட்ஸ் ஆனாலும் சரி. பைத்தானைத் திறந்து இப்படி அடியுங்கள்:

இம்போர்ட் மொய்
பிரிண்ட்(மொய்.__ஃபைல்__)

உங்கள் எஸ்ஆர்சி ஃபோல்டரின் முகவரி வந்தால் வேலை முடிந்தது. ‘நன்’ என்று வந்தால் __இனிட்__.பை வைக்க மறந்திருக்கிறீர்கள்.